வட்டத்தின் கீழே இரண்டு புள்ளி

அத்தியாயம் 9

மணி இரண்டே முக்காலுக்கு லோடு தன் வலது முழங்காலை அதே மேசையில் இரண்டாவது தடவையாக இடித்துக்கொண்டான்.

நகராட்சிக் கட்டிடத்தின் மாடி நடை ஒற்றை ஆள் அகலம். அதில் சுவரோடு சாய்ந்தபடி, நான்கு காலையும் நீட்டிக்கொண்டு, கட்டில் நீளத்துக்கு ஒரு மேசை நின்றது. காலையிலிருந்து போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒருக்களித்து அதைத் தாண்டினார்களே ஒழிய, இது ஏன் இங்கே நிற்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷம் லாரியில் சாமான் ஏற்றி இறக்கிய லோடும் கேட்கவில்லை. அந்த வேலையில் கிடைத்த பெயர்தான் லோடு. இப்போது துப்பறியும் மேடத்துக்கு உதவியாளனாகி நாலு வருஷம் ஆகியும், முதுகு வலி போகாத மாதிரி பெயரும் போகவில்லை.

இன்று அவன் கவலை முழங்கால் இல்லை. நடையின் கடைசியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவன் அக்காதான்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கட்டிடத்தைப் பெருக்கித் துடைப்பவள் அக்கா. எல்லா அறைச் சாவியும் அவள் இடுப்பில்தான் தொங்கும். இன்று இடுப்பு வெறுமையாக இருந்தது. சாவிக்கொத்து பக்கத்து நாற்காலியில் இருந்த இன்ஸ்பெக்டரின் மடியில். காணாமல் போன பெட்டி நாலு மணிக்குள் கிடைக்காவிட்டால் அக்கா ஜீப்பில் ஏற வேண்டியது. கட்டிடத்தின் பின்னால் அவளுக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறையையும் காலி செய்ய வேண்டியது. இதை இன்ஸ்பெக்டர் கோபமில்லாமல், பஸ் புறப்படும் நேரம் சொல்வது மாதிரி சொல்லியிருந்தார்.

"டேய், இடிச்சுக்கிட்டியா? பாத்து வரக் கூடாதா?" என்றாள் அக்கா. தான் ஜெயிலுக்குப் போகப் போகிறோம் என்பதைவிடத் தம்பி முழங்கால் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. லோடு, மேசைமேல் கேஸ் போடலாமா என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டுவிட்டு உள்ளே போனான்.

காணாமல் போனது சாதாரணப் பெட்டி இல்லை. இந்த ஊரை நிறுவியவர், அதாவது இப்போதைய நகராட்சித் தலைவரின் பூட்டன், நூறு வருஷத்துக்கு முன்னால் சபை அறையில் ஒரு பீடம் கட்டி, அதன்மேல் ஒரு பெரிய பெட்டியை வைத்து, பூட்டி, ஈய முத்திரை தொங்கவிட்டு, 'நூறு வருஷம் கழித்துத் திற' என்று கல்லில் வெட்டிவிட்டுக் கண்ணை மூடினார். அந்த நூறு வருஷம் இன்று மாலை நாலு மணிக்கு முடிகிறது. உள்ளே இருப்பது ஊரின் உண்மையான பத்திரம் என்றார்கள். ஊரே இன்னொரு குடும்பத்திடமிருந்து பிடுங்கியது, அதற்கான சாட்சி உள்ளே தூங்குகிறது என்றார்கள். எது எப்படியோ, மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தலைவர் வந்து பார்த்தபோது பீடம் மொட்டையாக இருந்தது.

சபை அறையில் மூன்று பேர் பச்சைத் துணி விரித்த நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துணி தரையைத் தொட்டது. அதன்மேல் டீ கப்புகள், சிந்திய டீ, நாளிதழ், தலைவரின் முழங்கைகள். தலைவருக்கு எதிரே வரலாற்றுப் பேராசிரியர். பேராசிரியருக்குப் பக்கத்தில் மேடம், மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார். மேடம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். எரிந்த கடையின் சாம்பலைக் கையில் அள்ளிப் பார்த்து, இதில் சரக்கே இருந்ததில்லை என்று சொல்லக்கூடியவர். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாரோ சொல்வதை முழுசாக நம்பவில்லை என்று அர்த்தம். இன்று ஒரு மணி நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கைவசம் இருந்த துப்பு ஒன்றே ஒன்று. அறைக் கதவின் வெளி நிலையில் யாரோ சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார்கள். நேற்று அது இல்லை.

அந்தக் குறியைப் பற்றிப் பேராசிரியர் நாற்பது வருஷம் ஆராய்ந்து அறுநூறு பக்கத்தில் புத்தகம் போட்டிருந்தார். நானூறு வருஷமாக ஒரு ரகசிய வட்டம் இயங்குகிறது, அதன் கை படாத கவிழ்ப்பே கிடையாது என்பது அவர் கட்சி. பக்கம் பக்கமாகப் படம் காட்டினார். பறிபோன அரண்மனையின் கதவில் இந்தக் குறி. திவாலான வங்கியின் கதவில் இந்தக் குறி. துரத்தப்பட்ட மந்திரி வீட்டுப் படிக்கட்டில், கலைக்கப்பட்ட நீதிமன்றத்தின் வாசலில், எங்கே பார்த்தாலும் இதே வட்டம், இதே கோடு. ராஜா கவிழ்ந்த அன்றைக்கே குறி முளைத்துவிடுகிறது, ஒரு நாள் முன்னும் இல்லை, ஒரு வாரம் பின்னும் இல்லை என்று மேசையைத் தட்டினார். மேசை தொம்மென்று சத்தம் போட்டது.

லோடு கதவருகே நின்று குறியையே பார்த்தான். உள்ளங்கை அரித்தது. இந்த மாதிரி ஒன்றை அவனே எத்தனையோ கதவில் போட்டிருக்கிறான். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் எழுத்துக் கற்றது நாற்பத்து மூன்றாவது வயதில், தூக்கிய பெட்டிகளின்மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்து. அதற்குப் பிறகு அச்சில் ஏறிய எதையும் அவன் சந்தேகப்பட்டதில்லை. அறுநூறு பக்கப் புத்தகம் ஒன்று சொல்கிறது. தோளில் துண்டு போட்டுச் சாமான் தூக்கும் நாலு பேர் வேறு மாதிரி சொல்வார்கள். தப்பு நாலு பேரிடம்தான் இருக்க வேண்டும். ஒருவேளை ரகசிய வட்டத்தைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் காப்பியடித்தார்களோ என்றுகூட நினைத்தான். தலையில் ஏறிய எழுத்து தோளில் ஏறியிருந்ததை இறக்கிவிட்டது.

மூன்றேகாலுக்கு அக்கா தண்ணீர் கேட்டாள். இன்ஸ்பெக்டர் அவளை அறைக்குள் கூட்டி வந்தார். அவள் குடித்துவிட்டுத் திரும்பும்போதுதான் கதவு நிலையைப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ஏன்டா, இங்கயும் கிறுக்கிட்டீங்களா?" என்றாள் தம்பியிடம். "நம்ம வீட்டுக்கு பீரோ வந்தப்பவும் இதேதான் கதவுல போட்ட. ஒரு வாரம் தேய்ச்சேன், போவேனான்னுச்சு."

மேடம் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார்.

"லோடு," என்றார் மெதுவாக. "இது என்ன குறி?"

லோடு திருட்டுப் பொருளோடு பிடிபட்டவன் மாதிரிப் பேராசிரியரைப் பார்த்தான். "புத்தகத்துல இருக்கறதுதான் சரியா இருக்கும் மேடம்."

"புத்தகத்தை நான் கேக்கல. உங்களக் கேட்டேன்."

"இந்தச் சாமான் இந்த வாசல்ல நுழையாதுன்னு அர்த்தம்," என்றான்.

சொல்லி முடித்தபின் அடைப்பு எடுத்த குழாய் மாதிரி மிச்சமும் வந்தது. சாமான் தூக்குகிறவர்களுக்கு எழுத்துத் தெரியாது. முதலில் போனவன் வாசலை அளந்து பார்த்து, பின்னால் தூக்கி வருகிறவன் இடித்துக்கொள்ளாமல் இருக்கக் குறி போட்டுவிட்டுப் போவான். வட்டம் என்றால் சாமான். குறுக்கே கோடு என்றால் தடை. எந்த ஊர் லாரியில் போனாலும் இதுதான். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது.

பேராசிரியர் சிரித்தார். ஆனால் அவர் கை புத்தகத்தை மூடிக்கொண்டது. அப்படியானால் ராஜா கவிழ்ந்த அன்றைக்கே அரண்மனைக் கதவில் இந்தக் குறி ஏன் வர வேண்டும் என்று கேட்டார்.

"வராதா பின்ன? ராஜா போனா பீரோ, கட்டில் எல்லாம் யார் சார் தூக்குறது? அவரே தலைல வெச்சுக்கிட்டா போவாரு?"

"நானூறு வருஷமாகவா?"

"நானூறு வருஷமா ஒருத்தரும் வாசல அளந்து பாக்காமத்தான் சாமான் வாங்குறாங்க சார். அதுக்கு நாங்க என்ன பண்றது?"

இன்ஸ்பெக்டர் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

மேடம் எழுந்துவிட்டார். அவர் மூளை ஓடும்போது கால் சும்மா இருக்காது. இந்தக் கதவு எப்போது போட்டது என்று தலைவரிடம் கேட்டார். போன வருஷம் ஏசி வைத்தபோது, குளிர் வெளியே போகாமல் இருக்கப் பழைய இரட்டைக் கதவை எடுத்துவிட்டு இந்த ஒற்றைக் கண்ணாடிக் கதவைப் போட்டதாகத் தலைவர் பெருமையாகச் சொன்னார். லோடு தன் கையை விரித்து நிலையை ஜாண் போட்டான். பீடத்தின் மேல் நூறு வருஷம் பெட்டி பதிந்த தடத்தையும் ஜாண் போட்டான். படுக்கவைத்தால் பக்கம் இடிக்கும். நிமிர்த்தினால் தலை இடிக்கும். சாய்த்து எடுக்கலாம் என்றால் வெளியே நடை ஒற்றை ஆள் அகலம், திருப்ப இடமில்லை. ஜன்னல்களில் கம்பி.

"பெட்டி இந்த ரூமை விட்டு வெளியே போகல மேடம். போக முடியாது."

"சரி, காலையில உள்ளே யார் வந்தது?" என்றார் மேடம்.

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். யாரும் வரவில்லை என்றார். அக்கா குறுக்கே புகுந்து, மேடை ஜோடிக்க நாலு பேர் வந்தார்களே, நீங்கள்தானே திறந்துவிடச் சொன்னீர்கள் என்றாள். அட, அவர்கள் சாமான் தூக்குகிற ஆட்கள்தானே என்று தலைவர் கையை உதறினார். அவர்களை ஆளாக எண்ணிக்கையில் சேர்க்கவே அவருக்குத் தோன்றவில்லை. பெட்டியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, விருந்தினர் உட்கார நடையில் இருக்கும் பெரிய மேசையை உள்ளே கொண்டுவந்து போட்டு, பச்சைத் துணி விரிக்கச் சொல்லியிருந்தார்; பக்கத்து அறையிலும் பெட்டி இல்லாததால்தான் திருட்டு என்று முடிவு கட்டினார். அவர்கள் வேலையை முடித்துவிட்டு அடுத்த ஊர் லாரியைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

லோடின் முழங்கால் விண்ணென்று தெறித்தது.

"சார்," என்றான். "அந்த மேசை இன்னும் நடையிலதான் நிக்குது. ரெண்டு தடவை இடிச்சுக்கிட்டேன். அப்போ நீங்க எது மேல டீ குடிக்கிறீங்க?"

தலைவர் முழங்கையை எடுத்தார். பேராசிரியர் கப்பை எடுத்தார். மேடம் பச்சைத் துணியின் ஓரத்தைப் பிடித்து, கல்யாண மண்டபத்தில் இலை எடுக்கிற வேகத்தில் ஒரே இழுப்பாக இழுத்தார்.

பெட்டி வெளியே போகவில்லை. மேசை உள்ளே வரவில்லை. நாலு பேரும் தலையைச் சொறிந்திருப்பார்கள். தலைவர் கேட்டது துணி விரித்த ஒரு மேசை. பீடத்திலிருந்து மூன்றடி தள்ளி, இடுப்பு உயரத்தில், கட்டில் நீளத்தில், கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஊரின் ரகசியம். மூன்று மணி நேரமாக அதன்மேல் டீ சிந்தியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் வைத்திருந்த சாவிக்கொத்தை அக்கா எட்டி எடுத்தாள். அவர் அதன்மேல் கையை வைத்தார்.

அவர் கண் தரையில் இருந்தது. துணிக்கடியில் ஈய முத்திரை மூன்று துண்டாகக் கிடந்தது. பூட்டு துருப்பிடித்துக் கழன்று தொங்கியது. இறக்கிவைத்தபோது நடந்திருக்கும் என்று லோடு சொன்னதைக் கேட்காமல் தலைவர் மூடியை ஒரு விரற்கடை தூக்கினார். உள்ளே பார்த்தார். பிறகு முழுசாகத் தூக்கினார்.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு பூச்சிகூட இல்லை.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். முத்திரை உடைந்திருக்கிறது, உள்ளே இருந்தது போய்விட்டது, சாவி ஒரே ஆளிடம். பெட்டி காணோம் என்பதைவிட இது மோசம். அப்போது மூன்று முப்பத்தைந்து. கீழே விருந்தினர்கள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"நான் எடுக்கலடா," என்றாள் அக்கா. தம்பியிடம் மட்டும்தான் சொன்னாள்.

லோடு பெட்டியின் ஒரு தலைப்பைப் பிடித்தான். இரும்புக்கு ஏற்றமாதிரி முழங்காலை மடக்கி, மூச்சை அடக்கி, இடுப்பைக் கெட்டிப்படுத்திக்கொண்டு எழுந்தான். பெட்டி அவன் நெஞ்சுக்கு வந்து மோதியது. மூங்கில் கூடை கனம்கூட இல்லை. இரும்பு மாதிரிச் சாயம் பூசிய மெல்லிய மரம். தூக்கிய தலைப்பின் பின்பலகை அவன் கண்ணுக்கு நேரே வந்தது. சுவரைப் பார்த்தபடி நூறு வருஷம் இருந்த பலகை. அதில் தாரில் ஒரு வட்டம். குறுக்கே கோடு இல்லை. கீழே இரண்டு புள்ளி.

அவன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். பீடத்துக்கு மேலே பெட்டியை நிறுவிய நாளின் ஓவியம் மாட்டியிருந்தது. அன்றைக்கே கூடவே உட்கார்ந்து வரைந்தது என்று அடியில் தேதியோடு கையெழுத்து. ஆறு பேர் பெட்டியைக் கயிறு கட்டித் தூக்கி வருகிறார்கள். நிறுவனர் ஓரமாக நின்று கண் கலங்கப் பார்க்கிறார்.

"மேடம், கயித்தப் பாருங்க."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். கயிறு தொய்ந்திருந்தது. ஆறு பேரின் முகமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஆறு பேரின் பாதமும் உலாப் போகிறவன் பாதம் மாதிரித் தட்டையாக இருந்தது. நான்காவது ஆள் பெட்டியைத் தொடவேயில்லை. ஓவியன் நேர்மையானவன், பார்த்ததை அப்படியே வரைந்திருந்தான். பெட்டியின் பின்பலகையில் அந்த வட்டத்தையும் இரண்டு புள்ளியையும் சேர்த்துத்தான்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"கதவுல இல்லாம சாமான் மேலயே வெறும் வட்டம் போட்டா காலி. கீழ ரெண்டு புள்ளி, கண்ணு. காலிப் பெட்டிதான், ஆனா வீட்டுக்காரர் பாத்துட்டு நிக்கிறாரு, கனமாத் தூக்குன்னு அர்த்தம்." அவன் குரல் தணிந்தது. "நொடிச்சுப் போன வீட்ல சாமான் எடுக்கும்போது போடுவோம் மேடம். பீரோ காலியா இருக்கும். லேசாத் தூக்கிட்டுப் போனா வீட்டுக்காரருக்கு அசிங்கம். அதனால மூச்சு வாங்கிக்கிட்டுத் தூக்குவோம்."

ஆக, அன்றைக்கே அது காலி. பூட்டன் பெட்டி செய்யச் சொல்லிவிட்டார், கல்லில் வெட்டிவிட்டார், ஊரைக் கூப்பிட்டுவிட்டார். எழுதத்தான் ஒன்றும் தோன்றவில்லை. அதைக் கண்டுபிடித்த ஆறு பேரும் வெளியே மூச்சு விடவில்லை. நூறு வருஷம் ஒரு ரகசியத்தைக் காத்த கூட்டம் உண்மையிலேயே இருந்தது, தோளில் துண்டோடு.

தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறி நேற்று போட்டதாக இருக்கலாம், ஓவியத்தில் இருப்பது அழுக்காக இருக்கலாம் என்றார். அப்போது மேடம் பேராசிரியரின் புத்தகத்தை எடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து லோடின் கையில் கொடுத்தார். லோடு ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்து வாசித்தான். ஓவியத்தில் உள்ள குறி பெட்டி நிறுவப்பட்ட அன்றே அதில் இருந்தது என்பதை ஆசிரியர் தம் வாழ்நாள் கௌரவத்தைப் பணயம் வைத்து உறுதி கூறுகிறார் என்று அச்சில் இருந்தது.

பேராசிரியர் வெகுநேரம் ஓவியத்தைப் பார்த்தார். அவருடைய நாற்பது வருஷமும் அந்தத் தொய்ந்த கயிற்றில் தொங்கியது. ஸ்டூலுக்குத் திரும்பிப் போகத் தயாராக நின்ற அக்காவையும் ஒரு தடவை பார்த்தார்.

"அன்றைக்கே இருந்தது," என்றார் கடைசியில். "அதில் மட்டும் நான் தப்பில்லை."

இன்ஸ்பெக்டர் சாவிக்கொத்திலிருந்து கையை எடுத்தார்.

இனி நாலு மணிக்கு என்ன செய்வது என்பதுதான் தலைவரின் பாடு. பூட்டனின் மானம் கப்பலேறும் என்று புலம்பினார். மேடம் யோசனை சொன்னார்: காலம் கனியவில்லை, இன்னொரு நூறு வருஷம் பொறுங்கள் என்று அறிவித்துவிட்டுப் பெட்டியைப் பீடத்தில் ஏற்றிவிடுவது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே விருந்தினர் நின்று பார்க்கட்டும். பழைய பெட்டிக்கு ஆறு பேர் வேண்டும். அறையில் சரியாக ஆறு பேர் இருந்தார்கள்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். தன் மேல் பழி இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் தோள் கொடுப்பேன் என்றாள். தலைவர் அவசரமாக எழுதினார். லோடு வாங்கி, விரலை ஓட்டி வாசித்து, மூன்றாவது வரியில் நிறுத்தினான். 'மன்னிக்கப்பட்டாள்' என்றிருந்தது.

"செய்யாதத எப்படி சார் மன்னிப்பீங்க?"

"ஒரு வார்த்தைதானே, விடுங்க. ஆட்கள் மேல வந்துட்டாங்க."

"ஒவ்வொரு எழுத்தா நாப்பத்தி மூணு வயசுல கத்துக்கிட்டேன் சார். எனக்கு எதுவும் ஒரு வார்த்தைதானேன்னு கிடையாது."

தலைவர் வேறு தாள் எடுத்தார். 'குற்றமற்றவர்' என்று எழுதினார். அக்கா அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, சாவியை இடுப்பில் செருகி, பெட்டியின் கீழே கையைக் கொடுத்தாள்.

வெளியே யாரோ ஒரு பிரமுகர் நடை மேசையில் முழங்காலை இடித்துக்கொண்டு அம்மா என்றார். கண்ணாடியில் முகங்கள் ஒட்டின. லோடு அடிக்குரலில் பாடம் எடுத்தான்: முகத்தைச் சுளிக்கணும், சிரிக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார் காலை அகட்டுங்க, பேராசிரியர் சார், நீங்க நாலாவது ஆள், நீங்களாவது தொடுங்க. மூன்றடி தூரத்துக்கு இரண்டு இடத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். தலைவருக்கு நிஜமாகவே வியர்த்தது. பீடத்தில் பெட்டி உட்கார்ந்தபோது வெளியே கைதட்டல் கட்டிடத்தை உலுக்கியது.

கூட்டம் கலைந்ததும் அக்கா ஈரத்துணியோடு வந்தாள். முதலில் பெட்டிமேல் இருந்த டீக் கறை. பிறகு கதவு நிலை. நானூறு வருஷத்துச் சின்னம் என்று பேராசிரியர் வாயெடுப்பதற்குள் வட்டமும் கோடும் துணியோடு போயின.

லோடு பெட்டியின் பின்பலகையைக் காட்டி, அங்கேயும் துடைக்கிறாயா என்று கேட்டான்.

அக்கா துணியைப் பிழிந்தாள். "அது இருக்கட்டும்டா," என்றாள். "இன்னும் நூறு வருஷம் கழிச்சு இந்தச் சாவி யாரு இடுப்புல இருக்குமோ, பாவம், அவளுக்கு வேணும்."